கப்பலைத் திருப்ப ஒரு வாக்கெடுப்பு

மகன் கப்பலில் வேலை செய்கிறான் என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. கப்பலில்தான் வேலை. அந்தக் கப்பலில் ஏவுகணை இருக்கிறது, அமெரிக்கக் கொடி பறக்கிறது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸப் பக்கம் நான் அரிசியும் மாவும் வாங்குகிற கடைக்காரர் அதைச் சுற்றுலாக் கப்பல் என்றே எடுத்துக்கொண்டார். போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"அண்ணை, மகனிட்டச் சொல்லி எங்களுக்கும் மலிவா ஒரு டிக்கெட் எடுத்துத் தாங்கோவன். மனிசி கிறீஸ் நாடு பாக்கோணுமெண்டு ஒரே ஆய்க்கினை."

"பாப்பம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிற சாட்டில் தள்ளிப் போய் நிற்பேன். எனக்கு உள்ளுக்குள் எரியும். கிறீஸாம்!

எப்படிச் சொல்வது? நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவொன்றில் பிறந்தவன். எங்கள் ஊரில் 'நேவி' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லமாட்டோம். நேவி வருகுது என்றால் வள்ளத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவோம். ஒரு பக்கம் ஆமியும் நேவியும், மறுபக்கம் வீட்டுக்கு ஒருவரைத் தா என்று வந்து நின்ற இயக்கப் பொடியள். இரண்டுக்கும் பயந்துதான் ஓடி வந்தேன். இந்த நாட்டில் நான் கொடுத்த அகதி மனுவின் சாரம் முழுவதும் அதுதான்: ஐயா, எனக்குப் படை வேண்டாம், எந்தப் படையும் வேண்டாம். அந்த மனுவை ஏற்றுக்கொண்டு இருக்க விட்டார்கள். நான் இன்றும் இருக்கிற இந்த ஓல்டன் நகரில்தான் மகன் பிறந்தான். அவன் போய் என்ன செய்தான்?

பச்சை அட்டைக் குலுக்கலுக்குப் பகிடிக்கு விண்ணப்பித்தான். விழுந்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போய் ஒரு வருடம் இருந்தான். பிறகு ஒருநாள் போன் எடுத்தான்.

"அப்பா, நான் சேர்ந்திட்டன்."

"எதிலயடா?"

"நேவியில. சிட்டிசன்ஷிப் கெதியாத் தருவாங்கள். படிக்கிறதுக்கும் காசு தருவாங்கள்."

"உனக்கென்ன விசரோ! நான் எதுக்குப் பயந்து ஓடி வந்தனான் எண்டு தெரியுமோ உனக்கு?"

"இது வேற நேவி அப்பா."

"எல்லா நேவியும் நேவிதானடா!"

போனை வைத்துவிட்டேன். அவனுடைய தாய் இருந்திருந்தால் இப்படி முடிந்திருக்காது. அவள் போனைப் பறித்து, என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அழுது, சத்தம் போட்டு, சமாதானமாகி, அவனைச் சிரிக்கவும் வைத்திருப்பாள். எங்கள் வீட்டில் கதைத்தது அவள் ஒருத்திதான். எனக்கும் மகனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கதைத்தாள். நோய் வந்து அவள் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம். அவன் அமெரிக்கா போன பிறகு எங்கள் போன் கதை இவ்வளவுதான்:

"சாப்பிட்டியோ?"

"ஓம் அப்பா. நீங்கள்?"

"ஓம்."

"சரி, வைக்கிறன்."

என் தகப்பனும் என்னோடு இப்படித்தான் கதைத்தார். எங்கள் ஆட்களில் தகப்பன்மார் இப்படித்தான். பாசத்தைச் சாப்பாட்டில் போட்டு மூடிவிடுவோம்.

எனக்கும் அவனுக்கும் இங்கே நிரந்தரமாக இருக்கிற சி அனுமதிதான், குடியுரிமை இல்லை. சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுவோம், போடுவோம் என்று போடாமலே விட்டேன். போட்டிருந்தால் இந்த நாட்டு ஆமி அவனைக் கூப்பிட்டிருக்கும். கூப்பிட்டால்தான் என்ன? வெள்ளிக்கிழமைகளில் ஓல்டன் ஸ்டேஷனில் பார்க்கிறேனே, பொடியள் முதுகில் மூட்டையும் தோளில் துவக்குமாக ரயில் மாறுவதற்கு ஓடுகிறார்கள். ஊத்தை உடுப்பைத் தாயிடம் தோய்க்கக் கொடுக்க வீட்டுக்குப் போகிறார்கள். படையென்றால் அப்படி இருக்கவேண்டும். சனிக்கிழமை வீட்டில் நிற்கவேண்டும்.

பிறகு அந்தச் சண்டை தொடங்கியது. எந்தச் சண்டை, எந்தக் கடல் என்று எழுத எனக்கு மனமில்லை. மகனிடமிருந்து ஒரு வரி வந்தது: "கொஞ்ச நாளைக்குப் போன் எடுக்க மாட்டன், யோசிக்க வேண்டாம்." யோசிக்க வேண்டாமாம்! நான் வேலை செய்கிற பொதிக் கிடங்கில் அன்று இரண்டு தட்டுச் சாமானைப் பிழையான லொறியில் ஏற்றிவிட்டேன். பொறுப்பாளர் வந்து என்ன நடந்தது என்று கேட்டான். தலையிடி என்று சொன்னேன். கிடங்கில் மூன்று தமிழர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் வாய் திறக்க முடியவில்லை. மகன் நேவி என்று சொன்னால் என்ன முகம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே முகத்தைத்தானே அவனுக்குக் காட்டினேன்.

காலை வேலை முடிந்து வந்து, தனியே இருந்து போனில் செய்தி பார்ப்பேன். நம்மவர்களின் யூடியூப்காரர் ஒவ்வொருவரும் கத்துவார்கள், உலகப்போர் என்பார்கள், கப்பல் மூழ்கியது என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அவர்களை விட்டுவிட்டு ஜெர்மன் பேப்பர்களைப் படிக்கத் தொடங்கினேன். அங்கேதான் அந்தச் சட்டத்தைக் கண்டேன்.

அமெரிக்க அரசியலமைப்பில் படைகளுக்குத் தலைவர் ஜனாதிபதி. ஆனால் போரை அறிவிக்கிற உரிமை அவருக்கில்லை; அது காங்கிரஸ் என்கிற அவர்களுடைய பாராளுமன்றத்துக்குத்தான். இப்படி எழுதி வைத்திருந்தும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு போரைக்கூட முறையாக அறிவித்ததில்லையாம். அறிவிக்காமலே எத்தனை சண்டை! வியட்நாமில் பட்டு நொந்த பிறகு காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஜனாதிபதி தன் எண்ணத்துக்குப் படையைச் சண்டைக்குள் இறக்கினால் இரண்டு நாளுக்குள் அறிவிக்கவேண்டும். அறிவித்து அறுபது நாளுக்குள் காங்கிரஸ் சம்மதிக்காவிட்டால் சண்டையை நிறுத்தவேண்டும். பத்திரமாக விலகி வர இன்னும் முப்பது நாள் தவணை உண்டு.

அறுபது நாள்! எனக்கு மூச்சு வந்தது. சட்டமென்று ஒன்று இருக்கிறதே, அதுவும் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், பிசகாது என்று நினைத்தேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். இங்கே கண்ணாடிப் போத்தலை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போட்டால்கூட ஆள் வந்து கேட்கும்.

கீழ்வீட்டில் ஒரு சுவிஸ் அம்மா தனியே இருக்கிறார். முழங்கால் சுகமில்லை. நாடு வாக்கெடுப்பு வைக்கிறபோதெல்லாம் அவருடைய வாக்கு உறையை நான்தான் கொண்டுபோய் நகரசபைப் பெட்டியில் போடுவேன். எனக்கு வாக்கில்லை, வாக்குச் சுமக்கிற வேலைதான். போர் விமானம் வாங்கலாமா என்று இந்த நாட்டில் சனத்தைக் கேட்டார்கள். மாட்டுக்குக் கொம்பு இருக்கவேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். ஒருமுறை அந்த உறையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் போட்டது தோற்றால் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடம் கேட்டேன். "ஒன்றும் செய்யமாட்டேன். வாக்குப் போட்டாயிற்று என்றால் முடிந்தது" என்றார். அந்தச் சொல் என் மனதில் நன்றாகப் பதிந்திருந்தது.

மகன் கப்பலில் இருக்கிறான் என்று அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். எந்தக் கப்பல் என்பதையும் சொன்னேன். அவருக்கு எங்கள் ஊர் நேவியைத் தெரியாது. அதனால் சொல்ல முடிந்தது. தமிழில் சொல்ல முடியாததை அரைகுறை ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

அறுபதாம் நாள் வந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. இது அந்தச் சட்டம் சொல்கிற மாதிரியான சண்டையே இல்லை, நம் ஆட்கள் தூரத்தில் நின்றுதான் அடிக்கிறார்கள், திருப்பி அடி விழுகிற ஆபத்துப் பெரிதாக இல்லை என்று ஜனாதிபதியின் ஆட்கள் வாதிட்டார்கள். முன்பும் ஒரு ஜனாதிபதி காலத்தில் இப்படிச் சொல்லித் தப்பியிருக்கிறார்களாம். அது போதாதென்று, இரட்டைக் கோபுரம் விழுந்தபோது காங்கிரஸ் கொடுத்த ஒரு பழைய அனுமதி இருக்கிறது, அதை வைத்து எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வருடம் அடித்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மகன் அப்போது பால்குடி. அவன் தவழ்கிற காலத்தில் எழுதிய அனுமதி இன்னும் செத்துப்போகவில்லை!

அன்று பின்னேரம் கோபத்தில் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். அடிப்பிடித்ததையே சாப்பிட்டேன். வேறு யாருக்குச் சமைக்க?

பிறகு காங்கிரஸுக்கு ரோசம் வந்தது. ஜனாதிபதி இந்தச் சண்டையிலிருந்து படையை விலக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இனி செனட்டில் நிறைவேற வேண்டும். அங்கே பின்னேரம், இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். போனை ரைஸ் குக்கரில் சாத்தி வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். கிழவனும் கிழவியுமாக ஆடி அசைந்து வருகிறார்கள். ஒருவர் பெருவிரலை மேலே காட்டுகிறார், ஒருவர் கீழே காட்டுகிறார், நடுவில் நின்று கதை வேறு! என் பிள்ளை நடுக்கடலில் நிற்கிறான், இவர்கள் முதுகில் தட்டிச் சிரிக்கிறார்கள். இரண்டு மூன்று தரம் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கும்பிட்டேன்.

நிறைவேறியது.

எழும்பிக் கத்தினேன். கத்திய பிறகுதான் வீட்டில் ஒருவரும் இல்லை என்பது காதில் விழுந்தது. படியிறங்கி ஓடிக் கீழ்வீட்டு மணியை அடித்தேன். அந்த அம்மா பயந்துபோய்க் கதவைத் திறந்தார். "வாக்குப் போட்டார்கள், நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்" என்றேன். "அப்படியென்றால் முடிந்தது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு ஒரு கிளாஸில் ஏதோ பழச்சாராயம் ஊற்றித் தந்தார். மனைவி போன பிறகு என் கையை ஒருவர் பிடித்தது அன்றுதான்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அங்கிருந்து ரயிலேறிச் சூரிச்சுக்குப் போனேன். கடையில் நெத்தலிக் கருவாடு, கத்தரிக்காய், சம்பா அரிசி எல்லாம் அள்ளி வைத்தேன்.

"என்ன அண்ணை, கலியாண வீடோ?" என்றார் கடைக்காரர்.

"மகன் வாறான்" என்றேன். வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

அவர் பகிடி விடவில்லை. டிக்கெட்டையும் கேட்கவில்லை. "நல்லம் அண்ணை, நல்லம்" என்று சொல்லி, ஒரு கட்டுக் கறிவேப்பிலையைச் சும்மா எடுத்துப் பையில் வைத்தார். அவர் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகன் போன் எடுத்தான். குரலைக் கேட்டதும் சாப்பிட்டியோ என்று கேட்கக்கூட எனக்கு மறந்துவிட்டது.

"எப்ப வெளிக்கிடுறியள்? வாக்குப் போட்டு முடிஞ்சுதெல்லோ!"

"அப்பா, அது முடியேல்ல. அது இனித்தான் ஜனாதிபதியிட்டப் போகும்."

"ஏன் அவரிட்ட?"

"அவர் கையெழுத்து வைச்சாத்தான் சட்டம்."

"ஆரை நிப்பாட்டச் சொல்லித் தீர்மானம் போட்டாங்களோ, அவரிட்டயோ கையெழுத்துக் கேக்கிறாங்கள்?"

"ஓம்."

"அவர் மாட்டனெண்டா?"

"திருப்பி அனுப்புவார். பிறகு ரெண்டு சபையிலயும் மூண்டில ரெண்டு பங்கு வேணும். கிடைக்காது அப்பா. இஞ்ச எல்லாருக்கும் முதலே தெரியும்."

அவன் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்ததல்ல, களைத்துப்போய்ச் சிரித்தது. எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. வாக்கென்றால் முடிந்தது என்று நம்புகிற விசரன், சுவிஸில் வந்து பழுதாய்ப்போன தமிழன், உலகத்தில் நான் ஒருவன்தான். தேங்காய் வேறு உடைத்துவிட்டேன்!

அவன் சொன்னபடியே நடந்தது. ஜனாதிபதி மறுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். "அப்படியென்றால் ஏன் வாக்குப் போட்டார்கள்?" என்று கேட்டார். மேலே ஏறி வந்தேன். கருவாட்டைக் குளிர்ப்பெட்டியின் அடியில் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகும் எனக்கு அடங்கவில்லை. பணப்பெட்டியின் திறப்பு காங்கிரஸின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் ஒதுக்காமல் ஒரு குண்டும் வாங்க முடியாது, ஒரு கப்பலுக்கும் எண்ணெய் அடிக்க முடியாது. கையெழுத்து வேண்டாம், காசைக் கொடுக்காமல் விட்டாலே போதுமே என்று அதைத் தேடிப் படித்தேன். அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது: தரைப்படைக்கு ஒரேயடியாக இரண்டு வருடத்துக்கு மேல் பணம் ஒதுக்கக்கூடாது. நிரந்தரமான ஆமிக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு பயந்திருக்கிறார்கள். அடுத்த வரியில் கடற்படை வருகிறது. அதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அட பாவிகளே! உலகத்தில் எங்கே போனாலும் நேவிக்கு ஒரு தனிச் சலுகை.

ஆனாலும் பணம் வருடா வருடம் காங்கிரஸில்தான் வாக்குக்கு வருகிறது. அந்த வருடத்துப் பணமும் வந்தது. சண்டை வேண்டாம் என்று பெருவிரலை மேலே காட்டின பல பேர், படைச் செலவுக்கும் அதே பெருவிரலை மேலே காட்டினார்கள். பெயர் பெயராகப் பார்த்தேன். மகன் அடுத்த முறை எடுத்தபோது பொரிந்து தள்ளினேன்.

"வெக்கங் கெட்ட சனம்! ஒரு கையால வேண்டாமெண்டுறது, மற்றக் கையால காசு குடுக்கிறது! ஒரு சதமும் குடுக்காமல் விட்டிருக்கோணும்!"

"அப்பா" என்றான் மெதுவாக. "அந்தக் காசிலதான் நான் சாப்பிடுறன்."

ஒவ்வொரு போனிலும் சாப்பிட்டியோ என்று கேட்கிறவன், அந்தச் சாப்பாடு கிடைக்கக்கூடாது என்று ஒரு மாதமாக நேர்த்தி வைத்திருக்கிறேன். அதுதான் அவர்களுக்கும் கைகட்டிப்போகிற இடம் என்று அப்போதுதான் விளங்கியது. கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பியாயிற்று. இனி யார் சோற்றுக் கோப்பையைப் பறிப்பது?

அடுத்த கிழமை கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. "மகன் வந்திட்டாரோ அண்ணை?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்னை அறியாமலே சொன்னேன்.

"அவன் நேவி. அமெரிக்கன் நேவி. சுற்றுலாக் கப்பல் இல்லை."

"தெரியும் அண்ணை" என்றார். "உங்கட மகன் யூனிஃபோர்மோட படம் போட்டவன். என்ர மகள் காட்டினவள், முதல் வருசமே. இஞ்ச எல்லாருக்கும் தெரியும்."

"பிறகேன் டிக்கெட் கேட்டனீங்கள்?"

"நீங்கள் சொல்லேல்லை. கேட்டா மனம் நோவீங்களோ எண்டு... வேற என்னத்தைக் கதைக்கிறது?"

இரண்டு பேரும் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் தனியே கிடந்து வெந்திருக்கிறேன். கோபப்படவும் முடியவில்லை. நல்ல மனிதன்.

கடைசியில் அந்தச் சண்டை எந்த வாக்கெடுப்பும் இல்லாமல் அடங்கியது. யாரோ யாரோடோ பேசினார்கள், அவ்வளவுதான். யாரைக் கேட்டுத் தொடங்கினார்களோ, அவரைக் கேட்டுத்தான் முடித்தார்கள். கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது. ஒரு ஞாயிறு பின்னேரம் மகன் எடுத்தான். வீடியோவில் எடுத்தான். மெலிந்திருந்தான். பின்னால் ஒரு மரம் தெரிந்தது, தரையில் நிற்கிறான்.

"அப்பா, என்ர நாலு வருசம் முடியப்போகுது."

எனக்கு இது தெரியாது. அவன் எத்தனை வருடத்துக்குக் கையெழுத்து வைத்தான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அறுபது நாள் தெரியும், மூன்றில் இரண்டு தெரியும், இரட்டைக் கோபுரக் கால அனுமதி தெரியும், இது தெரியாது.

"முடிஞ்சா?" என்றேன்.

"முடிஞ்சா விட்டுட்டு வெளியில வரலாம். ஒருத்தரும் மறிக்க ஏலாது."

"அப்ப..."

"நான் திரும்பக் கையெழுத்து வைச்சிட்டன் அப்பா. போன கிழமை. இன்னும் நாலு வருசம்."

போன கிழமை! நான் அந்தக் கிழமை முழுவதும் வேலை விட்டால் வீட்டில்தான் இருந்தேன். போன் மேசையில் கிடந்தது.

"ஏனடா? உன்னை ஆர் வைக்கச் சொன்னது?"

"வெளியில வந்து எங்க போறது?"

"இஞ்ச..." என்றேன்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"அப்பா, நீங்கள் காங்கிரஸ் என்ன சொல்லுது, செனட் என்ன சொல்லுது எண்டெல்லாம் என்னட்டக் கேட்டீங்கள். ஒருநாளும் என்னை வா எண்டு சொல்லேல்ல. அம்மா இருந்திருந்தா, விட்டுட்டு வாடா எண்டு கத்தியிருப்பா. நான் கையெழுத்து வைக்க முதல் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

ஜனாதிபதி மறுக்க முடியாத ஒன்று, இரண்டு சபையும் தேவைப்படாத ஒன்று, என் வாயில் இருந்திருக்கிறது. நான் அதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் படித்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வா. இரண்டெழுத்துக்கூட இல்லை. அவனும் திரையில் பார்த்துக்கொண்டே நின்றான், போனை வைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஓல்டன் ஸ்டேஷனுக்குள் ஒரு ரயில் வந்து நின்று, புறப்பட்டும் போனது.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்தான்.

"ஓம் அப்பா. நீங்கள்?"

"ஓம்" என்றேன். அன்று நான் அடுப்பை மூட்டவேயில்லை.